படத்தின் கீழே யார் எழுதுவது?

நம் வீடுகளில் பழைய புகைப்படங்கள் அதிகம் இல்லை. இருக்கிற சிலவும் இப்போது டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்து, செல்போனில் படம் பிடிக்கப்பட்டு, சொந்தக்காரர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுகின்றன. இருபது பேர் இதயம் போடுகிறார்கள். "பின்னாடி நிக்கிறது யாரு?" என்று ஒருவர் கேட்கிறார். யாராவது பதில் சொல்வதற்குள் காலை வணக்கப் படங்கள் வந்து அதை மேலே தள்ளிவிடுகின்றன. கேள்வியும் போச்சு, படமும் போச்சு.

நான் சொல்ல வருவது ஒரு சின்ன வேலையைப் பற்றி. குடும்பப் படம் ஒவ்வொன்றின் கீழும், அதில் இருப்பவர்கள் யார், எங்கே நிற்கிறார்கள், என்ன வேலை செய்தார்கள், பின்னால் தெரியும் நிலம் யாருடையது என்பதை முழு வாக்கியங்களில், படத்தோடு சேர்த்தே எழுதிவிட வேண்டும். அதற்கான மென்பொருள்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. அவற்றை இயக்கத் தெரிந்த பிள்ளைகள் நம் தெருக்களில் இப்போதுதான் உருவாகியிருக்கிறார்கள். கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இந்த இரண்டு தலைமுறையும் ஒரே திண்ணையில் உட்காரும் காலம் ரொம்ப நாள் நீடிக்காது.

சாதியே தலைப்பாக

நம் முன்னோர்கள் படம் பிடிக்கப்படவே இல்லை என்று நினைக்க வேண்டாம். பிடிக்கப்பட்டார்கள். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளைப் பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் அதன் பதிப்பாசிரியர்கள். சாதிக்கும் இனத்துக்கும் மாதிரியாக மனிதர்களை நிறுத்திப் பிடித்த படங்கள் அவை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கின் நீள அகலத்தையும் மண்டையின் அளவையும் கருவி வைத்து அளந்தவர். ரங்காச்சாரியின் உதவியோடு அவர் 1909இல் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகளைப் புரட்டுங்கள். கேமராவை நேராகப் பார்க்கும் முகங்கள் இருக்கின்றன. கீழே பெரும்பாலும் இருப்பது சாதிப் பெயர். அந்த முகத்துக்கு ஒரு பெயர் இருந்தது, அம்மா வைத்த பெயர், அதை எழுத வேண்டும் என்று அந்தப் புத்தகத்துக்குத் தோன்றவில்லை.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. நம் செங்கல்பட்டுப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல்லை இழிவாக மற்றவர்கள் நம்மீது ஒட்டினார்களோ அதை எடுத்துத் தன் பத்திரிகையின் முகப்பில் தானே அச்சிட்டார். 1930இல் லண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அவரும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். 1939இல் தன் வாழ்க்கை வரலாற்றைத் தானே சுருக்கமாக எழுதி வெளியிட்டார். தன்னைப் பற்றிய குறிப்பை இன்னொருவர் எழுதட்டும் என்று அவர் விட்டுவைக்கவில்லை.

தர்ஸ்டனின் வழி, சீனிவாசனின் வழி. குடும்பப் படத்தின் கீழே என்ன எழுதுவது என்ற கேள்வி வரும்போது இந்த இரண்டில் ஒன்றைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஒன்றும் எழுதாமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. நாளைக்கு யாரோ ஒருவர் "கிராமத்துப் பெண்கள், செங்கல்பட்டு மாவட்டம்" என்று எழுதுவார். அல்லது செயற்கை நுண்ணறிவு "வீட்டின் முன் நிற்கும் நான்கு பேர்" என்று எழுதும்.

பொத்தேரியில் எதை எழுதுவது

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் வருகிறவர்களுக்குப் பொத்தேரி என்றால் கல்லூரி மாணவர்கள் கும்பலாக இறங்கும் ஸ்டேஷன். ஜி.எஸ்.டி. சாலை, அடுக்குமாடிகள், விடுதிகள், டீக்கடைகள். ஊர்ப் பெயரின் கடைசியில் ஏரி இருப்பதையே பலர் கவனிப்பதில்லை. ஏரிகளின் மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டில் இது புதிய கதையும் இல்லை. நிலம் கைமாறும் வேகத்தில், ஊர் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி சில நேரங்களில் ஒரு கல்யாணப் படத்தின் பின்புலம் மட்டும்தான். மாப்பிள்ளைக்குப் பின்னால் ஒரு களம், ஒரு கிணறு, ஒரு பனைமரம். அது எந்தக் களம், அதில் யார் போரடித்தார்கள், யார் கூலி அளந்தார்கள் என்பது படத்தில் தெரியாது. ஆயா சொன்னால்தான் தெரியும்.

அதனால் பெயரோடு நிறுத்தக் கூடாது. எங்கள் வீட்டில் உள்ள ஒரு படத்துக்கு நான் எழுதிய குறிப்பு ஏறக்குறைய இப்படிப் போகிறது: இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் எங்கள் ஆயா. நாற்று நடுவதில் அவர் கைக்கு வேகம் அதிகம் என்பார்கள். அருகில் இருப்பவர் அவருடைய நாத்தனார். அவர்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிச் சண்டை போட்டவர். பின்னால் தெரியும் வயல் எங்களுடையது அல்ல. அதில் இவர்கள் மூன்று பேரும் கூலிக்கு நட்டார்கள். இதைச் சொன்னவர் ஆயாவின் தங்கை. படத்தில் பெயர்கள் இருக்கின்றன. அவை எங்கள் குடும்பத்துக்கு உரியவை என்பதால் இங்கே எழுதவில்லை.

பெயர் கேட்பதிலேயே வேலை நிறைய இருக்கிறது. நம் ஆயாக்கள் பலர் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "உன் சித்தப்பன் பெரிய மவன் பேருதான் அவருக்கும்" என்று சுற்றிவளைத்துச் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். படத்தில் இருக்கும் பெண்களையோ "முனுசாமி சம்சாரம்", "பெரியவன் அம்மா" என்றே ஊர் நினைவில் வைத்திருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் கிடைக்கும் வரை குறிப்பு முடிந்ததாக எண்ண வேண்டாம். ஆண்டைகள் பெயரை வெட்டிச் சுருக்கிக் கூப்பிட்டார்கள். அரசு ஊழியர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர், கூலிக் கணக்கில் ஒரு பெயர் என்று இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். பிற்பாடு பட்டாவோ பள்ளிச் சான்றோ தேடும் பேரப்பிள்ளைக்கு அது உதவும்.

எழுதும்போது விகுதியைக் கவனியுங்கள். நம் தாத்தாக்களை அவன், இவன் என்றே வாழ்நாள் முழுக்க ஊர்த் தெரு கூப்பிட்டது. பத்து வயதுப் பையன் கூட அப்படிக் கூப்பிட்டான். நம் குறிப்பில் அவர்கள் நிற்கிறார்கள், உழுதார்கள், சொன்னார்கள். ஒரே ஒரு 'ர்' தான். அதைக் காகிதத்தில் பார்க்காமலேயே ஒரு தலைமுறை போய்ச் சேர்ந்தது.

கருவி

இனி வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். கணினிப் பக்கம் படிக்கும் தோழர்களுக்கு இது அரை நாள் வேலை. மற்றவர்கள் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி, எதற்காகப் படத்தின் மேலேயே எழுத வேண்டும்? படக் கோப்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் குறிப்பைச் சேமிக்க வழி உண்டே. உண்டு. எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் அதைச் செய்யும். செய்யவும் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. வாட்ஸ்ஆப்பில் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் குறிப்புகள் கழற்றப்பட்டுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. பத்திரிகைப் படங்களுக்காக உருவான பழைய ஐ.பி.டி.சி. முறையில் படக்குறிப்புக்கு 2,000 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'பெ' என்று எழுதினால் இரண்டு குறியீடு, 6 பைட். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதக்கூடிய இடத்தில் நமக்குச் சில வரிகள்தான். எக்ஸ்.எம்.பி. என்ற புதிய முறையில் இந்தத் தடை இல்லை. உள்ளே சேமிப்பதை அதில் சேமியுங்கள். கூடவே, படத்தின் அடியில் ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டி அதில் கண்ணுக்குத் தெரிய எழுதிவிடுங்கள். பத்துக் கை மாறினாலும் அது கூடவே போகும்.

அதற்கு இமேஜ்மேஜிக். 1980களின் கடைசியில் உருவாகி, 1990 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் நிரல்.  முனையத்தில் கட்டளை தட்ட வேண்டும். எழுத்தைப் படமாக்க அதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. 'லேபிள்' என்று கொடுத்தால் எழுத்து முழுவதையும் ஒரே வரியில் வைக்கும். 'கேப்ஷன்' என்று கொடுத்து அகலத்தை மட்டும் சொன்னால், அந்த அகலத்துக்குள் சொற்களை மடித்து மடித்து, எத்தனை வரி தேவையோ அத்தனை வரி கீழே இறங்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு வரிக்குள் அடங்கும்படி ஆயாவின் வாழ்க்கையைச் சுருக்க வேண்டியதில்லை. பட்டை எவ்வளவு உயரமானாலும் ஆகட்டும்.

படத்தின் அகலத்தையே பட்டையின் அகலமாகக் கொடுங்கள். எழுத்தின் அளவை நீங்களே சொல்லிவிட்டு, உயரத்தைச் சொல்லாமல் விடுங்கள். நிரலே கணக்குப் போட்டுக்கொள்ளும். பிறகு 'அப்பெண்ட்' என்ற கட்டளை பட்டையைப் படத்தின் அடியில் ஒட்டும்.

தமிழில் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைக் கொடுத்தும் 'பொத்தேரி' சிதைந்து வரும். 'தே'யின் இரட்டைக் கொம்பு தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது, பின்னால் போய் நிற்கும். காரணம், நம் எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்கிச் சேர்ப்பதற்கு ஹார்ஃப்பஸ், ராக்ம் என்ற துணை நிரல்கள் வேண்டும். உங்கள் இமேஜ்மேஜிக்கின் பதிப்புத் தகவலைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் ராக்ம் இருந்தால் தமிழ் சரியாக வரும். இல்லையென்றால் அது சேர்த்துக் கட்டப்பட்ட பதிப்பை நிறுவுங்கள், அல்லது 'கேப்ஷன்' இருக்கும் இடத்தில் 'பாங்கோ' என்ற வழியைப் பயன்படுத்துங்கள். அதுவும் சொற்களை மடிக்கும்.

முனையத்தில் வரிகளை மடிக்க 'ஃபோல்ட்' என்ற பழைய கட்டளையும் உண்டு. அதன் பல பதிப்புகள் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுகின்றன. மூன்று பைட் எழுத்தை நடுவில் வெட்டினால் கிடைப்பது கேள்விக்குறிகள். அதை விட்டுவிடுங்கள்.

சில லினக்ஸ் கணினிகளில் குறிப்பைக் கோப்பிலிருந்து படிக்கச் சொன்னால் பாதுகாப்பு விதி அனுமதிக்காது. அப்போது கோப்பின் உள்ளடக்கத்தை ஷெல் வழியாகக் கட்டளைக்குள் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

செல்போன் செயலியிலேயே படத்தின் மேல் எழுதலாமே என்று கேட்பீர்கள். ஒரு படத்துக்கு எழுதலாம். ஒரு தெருவின் முந்நூறு படங்களுக்கு? அதைவிட முக்கியமான காரணம், குறிப்புகள் மாறும் என்பது. இன்று பெரியம்மா ஒரு பெயர் சொல்வார். அடுத்த மாதம் திண்டிவனத்திலிருந்து மாமா வந்து, "அது அவரில்ல, அவரு தம்பி" என்பார். கட்டளை வழியில் ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில் ஓர் எழுத்துக் கோப்பு இருக்கும். அதில் திருத்திவிட்டு, எல்லாப் படங்களுக்கும் வரிசையாகச் செய்யும் நாலு வரி ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால், முந்நூறு படமும் புதிதாகத் தயாராகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஸ்கேன் செய்த மூலப் படத்தில் கை வைக்கக் கூடாது. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் தேயும். மூலத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புது நகல் எடுங்கள். மூலத்தை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

இரண்டு வீடு என்று சும்மா சொல்லவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளைச் சூறையாடியபோது சான்றிதழ்களும் அழிந்தன. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. ஒரு பீரோவில் நகைக்கும் துணிக்கும் நடுவில் என்னென்ன வைத்திருப்போம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நம் படங்கள் தொலைவதற்குக் கரையானும் ஈரமும் மட்டும் காரணமாக இருந்ததில்லை.

எதைக் காட்டுவது, எதைக் காப்பது

சாதியை எழுத வேண்டுமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சாதியை ஒழிக்க நினைக்கிறவர்கள் அதைப் படத்தில் ஏன் பொறிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. என் நிலைப்பாடு இது: சாதிப் பெயரைப் பட்டமாக எழுத வேண்டாம், சாதி செய்ததை எழுதுங்கள். "இந்தக் கிணற்றில் இவர்கள் தண்ணீர் எடுக்க முடியாது." "இந்தத் தெருவில் தாத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்." உங்கள் வீட்டில் எது நடந்ததோ அது. இதை விட்டுவிட்டு வெறும் பெயரும் தேதியும் எழுதினால், நம் ஆல்பமும் ஆதிக்கச் சாதி வீட்டு ஆல்பமும் ஒன்றுபோல ஆகிவிடும். துயரத்தை மட்டுமே எழுதுவதும் சரியல்ல. ஆயா நன்றாகப் பாட்டுக் கட்டுவார் என்றால் அதுவும் வரட்டும். ஸ்டூடியோவில் இரவல் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு நின்றார் என்றால் அதுவும் வரட்டும்.

உறுதியாகத் தெரியாததை "சுமார்" என்றே எழுதுங்கள். சொன்னவர் யார் என்பதை எப்போதும் கடைசி வரியில் சேருங்கள். பழைய படத்துக்கு வண்ணம் பூசும் செயலிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள்; தோலின் நிறத்தை அவை ஊகிக்கின்றன. நம் ஆயாவின் கறுப்பை ஒரு கணினி ஊகிக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் பொதுவெளியில் போடவும் கூடாது. சாதி மறுத்துத் திருமணம் செய்தவர்களின் பெயரும் ஊரும் இருக்கும் படம் ஆபத்தைக் கொண்டுவரலாம். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பகிருங்கள். குடும்பத்துக்கு ஒரு முழுக் குறிப்பு, வெளியே ஒரு குறிப்பு என்று இரண்டு எழுத்துக் கோப்புகள் வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரிப்ட் இரண்டையும் செய்து தரும்.

நிறுவனங்கள் இதைச் செய்யட்டுமே என்றும் சிலர் சொல்வார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். நேபாளத்தில் தலித் மக்களின் படங்களைத் தொகுத்துக் கண்காட்சியும் புத்தகமும் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல வேலைகள். ஆனால் எவ்வளவு பெரிய நிறுவனமும் படத்தைத்தான் காப்பாற்ற முடியும். இடமிருந்து மூன்றாவது யார் என்பதைக் காப்பாற்ற உங்கள் வீட்டு ஆள் வேண்டும்.

இந்த மாவட்டத்தில் பெயருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலமற்ற நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களின் தொடக்கம். அந்த நிலங்கள் நூறாண்டுக்குள் எப்படிக் கைமாறின என்பது இந்தத் தளத்தின் வாசகர்களுக்குத் தெரியும். மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். அவர்களை "இருவர் பலி" என்று நாம் நினைவு வைத்திருக்கவில்லை. பெயர் சொல்லித்தான் நினைவு வைத்திருக்கிறோம். இயக்கம் அந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்ப எழுதியதால்தான் அது முடிந்தது.

படக்குறிப்பு பட்டாவுக்கு ஈடாகாது. நீதிமன்றத்தில் அதை வைத்து நிலத்தை மீட்க முடியாது. ஆனால் எந்த வயலில் யார் உழுதார்கள், அந்த வயல் எந்த ஏரிக்குக் கீழே இருந்தது, அதற்கு ஊரில் என்ன பெயர் என்று தெரிந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று பேத்திக்குத் தெரியும். ஒன்றும் தெரியாதவளை நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவது எளிது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மடிக்கணினியை எடுத்துப் போங்கள். முதலில் பத்துப் படம் போதும். ஒவ்வொன்றையும் பெரியவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதைச் சுருக்காமல் தட்டுங்கள். ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். வந்த படத்தை அச்சடித்து அவர்கள் கையில் கொடுத்து, கீழே எழுதியிருப்பதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவர்களே சொல்வார்கள். திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.